சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா

என் அப்பா மினிபஸ் டிரைவர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர். சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசலில்தான் இருக்கும். ஊர் சின்னதாக இருந்தபோது எந்தத் தெருவில் நுழைந்தாலும் இன்னொரு தெருவில் வெளியே வந்துவிடலாம். இப்போது ஊர் நாலா பக்கமும் வீங்கிக் கிடக்கிறது. புதிதாக முளைத்த ஒவ்வொரு நகருக்கும் ஒரே வாய், அதுவும் பைபாஸைப் பார்த்து. உள்ளே எங்கே திரும்பினாலும் முட்டுச்சந்து. அதைத் திட்டாமல் அவர் ஒருநாளும் வண்டி ஓட்டியதில்லை.

இவ்வளவு தெரிந்த மனிதர், எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது கோட்டை விட்டார். மொட்டை மாடியில் நின்று, "அதோ பாரு, பச்சை டேங்க் வீடு. கூப்பிடு தூரம்" என்றார். நடுவில் அவருடைய நகரின் சுற்றுச்சுவர் நின்றதை யோசிக்கவில்லை. பைபாஸ் ஏறி, யூ டர்ன் அடித்து வருவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். "ஊரையே சுத்துற மனுஷன், பொண்ணு வீட்டுக்கு வழி இருக்கான்னு பார்க்கலையே" என்று அம்மா இன்றுவரை குத்திக்காட்டுகிறாள்.

அதனால் காலையில் அவர் தன் மாடியில் நிற்பார், நான் என் மாடியில் துணி காயப்போடுவேன், போனில் பேசுவோம். போன வாரம் பேசிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். அம்மாவோ கடைக்குப் போயிருந்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு ஏணியைப் பிடுங்கிக்கொண்டு சுவருக்கு ஓடினேன். மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருந்தார்கள். உள்ளங்கை கிழிந்தது அந்தப் பக்கம் குதித்த பிறகுதான் தெரிந்தது.

ஆம்புலன்ஸ், நான் பேசிய இடத்தைத் தேடி என் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. சுற்றி வர நேரமில்லை. அக்கம்பக்கத்து ஆட்களும் நானுமாக அப்பாவை மாடியிலிருந்து இறக்கி, ஸ்ட்ரெச்சரில் கட்டி, சுவருக்கு மேலாகத்தான் தூக்கிக் கொடுத்தோம். உயிர் பிழைத்தார்.

அவர் நகரின் சங்கச் செயலாளரிடம் போய், "ஒரு சின்னக் கதவாவது வையுங்க சார்" என்று கெஞ்சினேன்.

"நீங்களே ஏறிக் குதிச்சிட்டீங்க. திருடனுக்கு எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்றார். அன்று மாலையே கொத்தனார் வந்து சுவரை உயர்த்த ஆரம்பித்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அப்பா கட்டிலில் புரண்டுகொண்டே இருந்தார். "அந்தச் சுவரை என்னடி பண்ணாங்க?"

"கதவு வைக்கிறாங்கப்பா."

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "அப்போ வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, உன் வீட்டுக்கு நடந்தே வர்றேன்" என்றார்.