எதிர்த்துப் பேசி எடுத்த கிணறு

எங்கள் சங்கத்தில் தீர்மானங்களுக்குப் பஞ்சமே கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் மிஷன் பள்ளிக்கூடத்து நாலாம் வகுப்பு அறையில் கூடுவோம். குழந்தைகளுக்கென்று செய்த பெஞ்சில் பெரிய மனிதர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். தலைவர் ஒரு வக்கீல். இரும்புக்கடை பாய், தபாலாபீஸ் குமாஸ்தாக்கள், வாத்தியார்கள் என்று மதுரைக்கு நல்லது செய்ய ஆசைப்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். பெண் என்று போனவள் நான் ஒருத்திதான். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே டீச்சராக இருந்ததால் என்னை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம்.

சங்கத்தில் ஒரு விநோதமான வழக்கம் இருந்தது. ஆரம்பத்தில் எதற்கெடுத்தாலும் குறுக்கே பேசுகிறவர்கள் அதிகமாம். அவர்கள் வாயை அடைக்க வக்கீல் ஒரு விதி கொண்டுவந்தார். ஒரு யோசனையை யார் அதிகமாக எதிர்த்துப் பேசுகிறாரோ, அது நிறைவேறிவிட்டால் அவரேதான் அந்த வேலைக்குத் தலைமை தாங்கி முடித்துக்கொடுக்க வேண்டும். வேலை முடிகிற வரைக்கும் அவர் சொல்லை யாரும் தட்டக்கூடாது. அன்றிலிருந்து ஒருவரும் வாய் திறப்பதில்லை. எல்லாம் ஏகமனதாக நிறைவேறும், தலைமைக்கு ஆள் இல்லாததால் எதுவும் நடக்காது. கைதட்டிவிட்டுக் காப்பி குடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம்.

அந்த வருஷம் என் தங்கை தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வைகையின் வடகரையில் எங்கள் சந்து. சந்துக் கிணறு தூர்ந்து குப்பைமேடாகிக் கிடந்தது. குடிக்க ஒரு குடம் வேண்டுமென்றால் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்து வர வேண்டும். அம்மாவுக்கு மூச்சிழுப்பு, குடம் தூக்க முடியாது. நான் விடிந்ததும் பள்ளிக்கூடம் போய்விடுவேன். வயிற்றுப் பிள்ளைக்காரி குடத்தோடு மணலில் நடந்து வந்ததை ஒரு நாள் அவள் மாமியார் பார்த்துவிட்டார்.

"தண்ணியில்லாத வீட்டுல பிள்ள பெத்துக்க நான் விடமாட்டேன். சித்திரை பொறந்ததும் வண்டியோட வாரேன், கூட்டிட்டுப் போயிருவேன்" என்றார்.

தங்கை அழுதாள். அம்மாவை விட்டுவிட்டு அந்த வீட்டில் பிள்ளை பெற அவளுக்குப் பயம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கிணற்று வேலையை நானே நடத்துகிறேன் என்று சங்கத்தில் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். பொம்பளை நின்று மண்வெட்டிக்காரர்களை வேலை வாங்குவதா என்று சிரித்து மழுப்பிவிட்டார்கள். அப்போதுதான் அந்த விதி என் மூளையில் உறைத்தது. யோசனையைக் கொண்டுவரும்படி பாயிடம் கேட்டுக்கொண்டேன். என் திட்டத்தை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனுஷர் சிரித்தே காட்டிக்கொடுத்திருப்பார்.

சனிக்கிழமை பாய் எழுந்து, சந்துக் கிணற்றைத் தூர் வார வேண்டும் என்றார். எல்லோரும் கைதட்டத் தயாரானார்கள். நான் எழுந்து நின்றேன். முன்னே நானே தெரியாமல் கேட்டுவிட்டேன், அந்தக் கிணற்றில் ஊற்றே செத்துப்போய்விட்டது, வாரினால் சேறுதான் வரும், சங்கத்தின் மானம்தான் போகும் என்று விளாசித் தள்ளினேன். வகுப்பில் பாடம் நடத்திப் பழகிய குரல், நிறுத்தத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் குமாஸ்தாக்கள் தலையாட்டுகிறார்கள், வாத்தியார்கள் "அதுவும் சரிதானே" என்கிறார்கள். என் பேச்சே என் கிணற்றை மூடிவிடும் போலிருந்தது.

கை தூக்கச் சொன்னபோது இரண்டு பக்கமும் சரிபாதி. பாய் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு வருத்தம். தீர்ப்பு வக்கீல் கையில் வந்து நின்றது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். தண்ணீருக்கு எதிராகத் தலைவர் கை தூக்கினார் என்று ஊரில் பேச்சு வரக்கூடாதே என்று நினைத்திருப்பார். கிணற்றின் பக்கம் கை தூக்கினார்.

"பாவம் டீச்சர், விதின்னா விதிதான். நீங்கதான் இதுக்குத் தலைமை" என்றார்.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே குதியாட்டம்.

மறு நாளிலிருந்து நான் வைத்ததுதான் சட்டம். பாய் கடையிலிருந்து கடப்பாரையும் கயிறும் வந்தன. வக்கீல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றுக் கூடை தூக்கினார். சந்துப் பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். நான் குடையோடு கிணற்றடியில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். ஆனால் தோண்டத் தோண்டச் சேறுதான் வந்தது, அதுவும் காய்ந்த சேறு. பங்குனி முடிகிற நேரம். குமாஸ்தா ஒருவர் கூடையைக் கீழே வைத்தார்.

"நீங்கதான டீச்சர் சொன்னீக, ஊத்து செத்துப்போச்சுன்னு? அம்புட்டும் சரியாப் போச்சே."

வாய்க்கு வந்ததை அடித்துவிட்டது பலித்துவிட்டதோ என்று எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. ஆனாலும் தலைமை என்னிடம்தானே இருந்தது. இன்னும் ஓர் ஆள் ஆழம் தோண்டச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள், விதிப்படி தட்ட முடியாதே. கீழே கடப்பாரை விழுகிற சத்தம் மாறியது. பாறையிடுக்கில் தண்ணீர் கசிந்தது. பிறகு பீறிட்டது. உள்ளே நின்றவர்கள் இடுப்புவரை நனைந்து, கயிற்றைப் பிடித்து ஏறி வந்தார்கள். சந்தே கூடி நின்று கூச்சல் போட்டது.

பாய் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"டீச்சரம்மா, நெசமாவேதான் எதுத்துப் பேசுனீகளா?"

"எதுத்துப் பேசலன்னா என்கிட்ட குடுத்திருப்பீகளா பாய்?" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வக்கீலுக்கு விஷயம் புரிய அடுத்த சனிக்கிழமை ஆயிற்று. அன்று பாதிப் பேர் தலைமைக்காகப் போட்டி போட்டுக்கொண்டு எதிர்த்துப் பேசினார்கள், காப்பி ஆறிப்போயிற்று.

சித்திரை பிறந்ததும் சம்பந்தியம்மா சொன்னபடியே வண்டியோடு வந்து இறங்கினார். நேரே கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தார். தானே ஒரு வாளி இறைத்து, கை நிறைய அள்ளிக் குடித்தார். பிறகு திரும்பி, காளைகளை அவிழ்த்துக் கட்டும்படி வண்டிக்காரனிடம் சொல்லிவிட்டு, தன் பெட்டியை எங்கள் வீட்டுக்குள் எடுத்து வந்தார்.

"பிள்ள பொறக்குற வரைக்கும் நானும் இங்கனதான் இருக்கப்போறேன்" என்றார்.