சாப்பாட்டு அறையில் ஓர் இறக்கை

லோர்ன் ஹ்ரிஞ்சுக் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். கனடாவின் சஸ்காட்சுவானில் தானியக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவனும் தம்பி கெரியும் கராஜில் ஆள் ஏறிப் பறக்கிற மாதிரி ஒரு சின்ன மரவிமானம் கட்டிக்கொண்டிருந்தார்கள். குளிர் வந்தால் பசை இறுகாது. வேலையை மூட்டை கட்டிவிட்டு சீட்டாடுவார்கள்.

அந்த ஆண்டு அறுவடையின்போது கெரி வயலிலேயே மாரடைப்பில் போய்விட்டான். அடக்கத்தன்று லோர்ன் அழவில்லை. எல்லாருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்தான்.

குளிர் மைனஸ் முப்பதைத் தொட்ட வாரம், சாப்பாட்டு மேசையைக் கராஜுக்குத் தள்ளிவிட்டு விமானத்தின் ஓர் இறக்கையை வீட்டுக்குள் கொண்டுவந்தான். பழைய கதவு இரண்டை மரக்கால்கள்மேல் போட்டுப் பலகையாக்கினான். தூசி பரவாமல் வாசலில் பிளாஸ்டிக் விரிப்பு, நெடி போக ஜன்னலில் ஒரு மின்விசிறி. அப்படியும் இறக்கை அறையைவிட நீளம். படுக்கையறைப் பக்கச் சுவரில் ரம்பத்தால் ஓட்டை போட்டு நுனியை அதற்குள் விட்டான்.

நான் போனபோது அவன் மனைவி மார்லிஸ் அந்த ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சுவத்தையே அறுத்துட்டியா?"

"ஆமா."

"என் தலைமாட்டுல இறக்கை நீட்டிக்கிட்டு இருக்கு, லோர்ன்."

"தெரியும். இடிச்சுக்காம படு."

அவள் என்னைப் பார்த்தாள். "கேட்டியா கதைய? சரி, ரெண்டு பேரும் சாப்பிட வாங்க."

கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை சாப்பிட்டோம். லோர்ன் மென்றான், விழுங்கினான். ருசி தெரிந்த மாதிரி இல்லை.

"கெரிக்காகக் கட்டுறியா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. கை சும்மா இருந்தா என்ன பண்றதுன்னு தெரியல."

மறுநாளிலிருந்து மார்லிஸும் உப்புத்தாள் தேய்க்க உட்கார்ந்தாள்.

மே மாதம் ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து இறக்கையை வெளியே எடுத்தோம். தெருவே கூடி நின்று கைதட்டியது. "இனி கூரையையும் பிரிச்சிடு, பறக்க வசதியா இருக்கும்!" என்று யாரோ கத்தினார்கள். லோர்ன் தலையாட்டினான், சிரிக்கவில்லை.

பிறகு இரண்டாவது இறக்கைக்கான மரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான்.

"வெளிய வெயில் அடிக்குது. கராஜ்லயே செய்யலாமே?" என்றாள் மார்லிஸ்.

"செய்யலாம்," என்றான். நிற்கவில்லை, தம்பியோடு வேலை செய்த கராஜைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அவள் ஓடிப்போய் மரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.