அண்ணி ஏறிய மலை

பர்வத மலை உச்சியில் கோயில் உண்டியலுக்கு முன்னால் அண்ணி நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்குது. மடியில் தெரு கொடுத்த காசு. அதை எடுத்துப் போடக் கை மட்டும் போகவில்லை.

அண்ணன் மகளுக்கு நாலு வயசில் கால் தளர்ந்தது. அபூர்வமாக வரும் தசை வியாதி, மருந்து கிடையாது என்றார் மெட்ராஸ் டாக்டர். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் அங்கே ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதில் ஒரு அப்பா, பிள்ளைகளுக்குச் சக்கர நாற்காலி வாங்கப் பணம் கேட்டு, பனிமலை ஏறினாராம்; அதுக்காகச் சனங்கள் காசு கொடுத்தார்களாம். அண்ணி அதைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"பனிமலைக்கு நான் எங்க போறது? பர்வத மலை ஏறுறேன். நீ துணைக்கு வாப்பா."

எங்கள் பக்கம் மலைக்குப் போகிறவர் கையில் காணிக்கை கொடுத்தனுப்புவது வழக்கம். அண்ணி நாற்காலிக்கு என்றுதான் சொன்னார். சனத்துக்கு மலை மட்டும்தான் காதில் ஏறியது. பிள்ளை எழுந்து நடக்கணும் என்று வேண்டி, மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தார்கள். நானும் ஒன்று முடிந்தேன்.

பாறையில் கடப்பாரை அடித்து வைத்த கடப்பாரைப் படியில் எனக்கு மூச்சு முட்டியது. "நாளெல்லாம் தறி மிதிக்கிற காலு, இதுக்கே இப்பிடியா?" என்று அண்ணி சிரித்தார். உச்சியில் அந்த முடிச்சுகளை எடுத்துப் பார்த்தபோதுதான், சனம் சாமிக்கு என்று முடிந்திருக்கிறது என்பது அவருக்கு உறைத்தது.

"போட்டுடுங்க அண்ணி, சாமி குத்தம்" என்றேன். அவர் மடியை இறுக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மறுநாள் வீடு வீடாகப் போய்க் கேட்டார், சாமிக்கா, நாற்காலிக்கா என்று. எதிர்வீட்டம்மா விடவில்லை. "சாமிகிட்ட போன காசைத் திருப்பிக் கொண்டாந்தவள இப்பத்தான் பாக்குறேன்டி."

"சாமி வாங்கலக்கா. உன்னை ஒரு வார்த்தை கேட்டுக்கினு வரச் சொல்லிச்சு."

அந்தம்மா சிரித்துவிட்டு நாற்காலிக்கு என்றது. சிலர் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். தப்பில்லை.

கடைசியில் என் தறிக்கு வந்தார். "உன்னுது யாருக்குப்பா?"

நாற்காலிக்கு என்றால், பிள்ளை எழுந்திருக்காது என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. "நடக்கும் அண்ணி" என்றேன்.

"நடக்காதுப்பா. நான் அழுது முடிச்சிட்டேன். நீயும் முடிச்சிட்டுச் சொல்லு."

நாலு நாள் ஆனது. அப்புறம் சொன்னேன்.

சங்கம் வாங்கிய நாற்காலிகளில் ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. அது வரைக்கும் பாயில் கிடந்து கூரையைப் பார்த்த பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டால் என் தறிப் பக்கத்தில் வந்து உட்காரும். வாய் ஓயாது. நான் பேசாததற்கும் சேர்த்து அது பேசும். "சித்தப்பா, இழை அறுந்துட்டுது பாரு." எனக்கு முந்தி அதுக்குத் தெரிந்துவிடும்.

பத்தொன்பது வயசு வரைக்கும் இருந்தது.

இப்போதும் இழை அறுந்தால், முடிச்சுப் போடுவதற்கு முன்னால் பிள்ளை உட்காரும் பக்கம் திரும்பிவிடுகிறேன்.