கெட்டவாய் மீனின் ரசிகன்

பதினோரு வருஷமாக அவன்மேல் எனக்கு ஒரு கோபம். என் மாமியாரையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் வீட்டுக்கு வரவழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, தட்டு நிறையப் பாப்கார்னும் கொடுத்து, மொட்டை மாடியில் ஒரு ஆள் அம்மணமாக நின்று ஊரையே திட்டுகிற படத்தைப் போட்டுக் காட்டினான். பொம்மைப் படம் என்றுதான் சொன்னான். அதில் பொய் இல்லை. வரைந்த ஆள், வரைந்த மாடி. ஆனால் அந்த ஆள் வாயிலிருந்து வந்தவை, எங்கள் பட்டறையில் விரல் நசுங்கினால் நாங்கள் சொல்கிற வார்த்தைகள்.

படத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்களும் பொம்மைப் படம்தானே என்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். பெரியவர்களுக்கென்று பொம்மைப் படம் எடுப்பார்கள் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியாது. நடந்தது அவ்வளவுதான்.

கதை இது. ஒரு அடுக்குமாடிக் கட்டடம். ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு எல்லாரும் வெளியூர் போய்விடுகிறார்கள். காவலாளி மட்டும் தனியாக இருக்கிறான். எல்லா வீட்டுச் சாவியும் அவன் கையில். வீடு வீடாகப் புகுந்து அவர்கள் சட்டையைப் போட்டுக்கொள்கிறான், அவர்கள் பாட்டிலைக் காலி செய்கிறான், அவர்கள் கட்டிலில் ஷூவோடு படுக்கிறான். மூன்றாவது மாடி வீட்டில் ஒரு தொட்டிமீன். தீனி போடச் சொல்லி இவனிடம் விட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மீனுக்குப் பேச்சு வரும். நல்ல பேச்சு ஒன்றுகூட வராது.

எங்களுக்குப் படம் காட்டினானே, பட்டறையில் அவனுக்கே மீன் என்றுதான் பெயர். டப்பா மூடி அடிக்கிற பவர் பிரஸ்ஸில் அவன். பக்கத்து பிரஸ்ஸில் நான். ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரம். தகடு உள்ளே போகும்போது இரண்டு கன்னத்தையும் உப்பவைத்துக்கொள்வான். பிரஸ் இறங்கி மூடி விழுந்ததும் ‘ப்ளுப்’ என்று காற்றை விடுவான். ஒரு நாளைக்கு ஆறாயிரம் மூடி, ஆறாயிரம் ப்ளுப். சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றால் திரும்பாமலே மீன் குரலில் கேட்பான்: “தீனி போட வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?” அந்த மனுஷனும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

சாப்பாட்டு நேரத்தில் யார் மாட்டினாலும் அந்தப் படம்தான். சிரிப்பை மட்டும் சொல்ல மாட்டான், வரைந்தவனின் வேலையையும் சொல்வான். மூன்றாவது காட்சியில் காவலாளியின் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து மீன்தொட்டிக்குள் விழுகிறதாம். அதற்கப்புறம் படம் முடிகிறவரை அவன் சட்டையில் நாலு பொத்தான்தானாம். தொட்டியைக் காட்டுகிறபோதெல்லாம் அடியில் அந்தப் பொத்தான் கிடக்கிறதாம். “எவனோ ஒருத்தன் உக்காந்து ஆயிரம் படம் வரஞ்சிருக்கான், ஒரு எடத்துலகூட அந்தப் பொத்தான மறக்கல. நாம ஆறாயிரம் அடிச்சா நாப்பது கோணலாப் போவுது” என்பான். சொல்லும்போது ஒரு மூடியை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பான்.

ஒவ்வொரு வருஷமும் பட்டறையின் ஆண்டுக் கடைசி விடுமுறையின் முதல் நாள், காலை பதினோரு மணிக்குப் படம் போடுவான். ஒரு மாசம் முன்பிருந்தே ஆள் சேர்க்க ஆரம்பித்துவிடுவான். ‘வர்றேன், வர்றேன்’ என்று தலையாட்டாத ஆள் இல்லை. போன ஆளும் இல்லை. மூன்று நாற்காலி துடைத்துப் போட்டு வைப்பான். ஒன்று தனக்கு, இரண்டு வருகிறவர்களுக்கு. அந்த நாற்காலிகளை நிரப்பப் போன முதல் குடும்பம் எங்களுடையதுதான். என் மனைவி தலைவலி என்று தப்பித்துவிட்டாள்.

இருபதாவது நிமிஷத்தில் பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு எழுந்தேன். மாமியார் முந்தானையால் முகத்தை மூடியபடி முன்னால் நடந்தார். அவன் பாப்கார்ன் தட்டோடு தெருமுனைவரை பின்னாலேயே வந்தான். அதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். பள்ளிக்கூடம் திறந்த அன்று, மீன் என்ன சொல்லும் என்று டீச்சர் கேட்டதற்கு, சின்னவள் எழுந்து நின்று சொல்லிவிட்டாள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மாமியார் இன்றைக்கும் எங்கே கிளம்பினாலும், “மாப்பிள்ளை கூட்டிட்டுப் போறாரா, அப்ப நான் வரல” என்கிறார்.

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுபடி பட்டறை திறந்ததும் என் பிரஸ் பக்கம் வந்து நின்றான்.

“மாப்ள, கடைசிப் பத்து நிமிஷம் பாத்துட்டுத் திட்டு. எவ்ளோ வேணாலும் வாங்கிக்கிறேன்.”

“உன் மீன நீயே வறுத்துத் தின்னு” என்றேன்.

அதோடு அவனோடு என் பேச்சு நின்றுபோயிற்று. இத்தனைக்கும் அதற்கு இரண்டு வருஷம் முன்னால், கோணலாக அடிபட்ட மூடி ஒன்று பறந்து வந்து என் முன்பல்லைக் கொண்டுபோனபோது, எண்ணெய்த் தரையில் தவழ்ந்து தேடி அந்தப் பல்லை எடுத்தவன் அவன்தான். துடைத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான், திருப்பி ஒட்டிக்கொள்ளலாம் என்பதுபோல. பல் போனதிலிருந்து நான் சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வேன். பல் கட்டிக்கொள்ள நேரம் வரவில்லை. கை பழகிவிட்டது.

நாலு வருஷம் முன்னால் எனக்கே அலுத்துப்போயிற்று. பெரியவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். அந்தப் படத்தை நினைத்து அவளே சிரிக்கிறாள். இன்னும் எதற்கு வீம்பு என்று, டீ நேரத்தில் அவன் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்றேன். நாலு பேர் இருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, “மீனு, இந்த வருஷம் நான் வர்றேன்டா” என்றேன்.

அவன் திரும்பவில்லை. கிளாஸைக் கவிழ்த்து வைத்தான், கையை உதறினான், அந்தப் பக்கமாகவே நடந்து போய்விட்டான். பார்த்துக்கொண்டிருந்த நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவ்வளவு திமிரா என்று நினைத்தேன். பழைய கோபத்தின்மேல் புதுக் கோபத்தை வைத்து அடித்து இறுக்கிக்கொண்டேன். இன்னும் நாலு வருஷம் ஓடியது.

இந்த வருஷம் பட்டறைக்குக் காது பரிசோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொல்வார்கள். அவனுக்கு அடுத்தது நான், பெஞ்சில் காத்திருந்தேன். நர்ஸ் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பட்டனை அழுத்த, அவன் டக் டக்கென்று விரலைத் தூக்கினான். இத்தனை வருஷம் பிரஸ் சத்தத்தில் நின்றவனுக்கு இவ்வளவு நல்ல காதா என்று எனக்கே ஆச்சரியம். அப்புறம்தான் அவன் கண் போகிற இடத்தைப் பார்த்தேன். எதிரே மருந்து அலமாரிக் கண்ணாடி. அதில் நர்ஸின் கட்டைவிரல் தெரிந்தது.

அந்த அம்மாவும் அதே நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு ஃபைலை எடுத்துக் கைக்கு முன்னால் நிறுத்தினாள். அதற்கப்புறம் அவன் விரல் எழுந்திருக்கவே இல்லை. மேசைமேல் கிடந்தது.

எத்தனை நாளாக என்று காகிதத்தில் எழுதிக் காட்டினாள். வலது காது போய் ஆறு வருஷம், இடது அடுத்த வருஷமே குறைய ஆரம்பித்துவிட்டது, இப்போது ரொம்பக் கொஞ்சம் என்றான். ஏன் சொல்லவில்லை என்று எழுதினாள். “சொன்னா மிஷின விட்டு எடுத்துடுவீங்க” என்றான். பெஞ்சில் உட்கார்ந்தபடி நான் வருஷத்தை எண்ணினேன். ஆறு. டீ நேரத்தில் நான் போய் நின்றது நாலு. அதற்கு மேல் எண்ண ஒன்றும் இல்லை.

அவனை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பக்கத்து பிரஸ்ஸில் புது ஆள். மூடி விழுகிறது, ப்ளுப் இல்லை. இந்த வருஷம் அவன் யாரையும் படத்துக்குக் கூப்பிடவும் இல்லை.

விடுமுறையின் முதல் நாள் பதினோரு மணிக்கு நான் போனேன். அவன் மனைவி பையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வருஷா வருஷம் அன்றைக்கு அம்மா வீட்டுக்குப் போவது அந்த மீனின் வாய்க்குப் பயந்துதான் என்று சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தத் தேவையே இல்லை.

“இப்ப சத்தம் வைக்கறதே இல்லண்ணே. மீன் வாயத் தொறக்குது, இவரு பேசுறாரு.”

உள்ளே மூன்று நாற்காலி துடைத்துப் போட்டிருந்தது. அவன் முகத்துக்கு நேராகப் போய் நின்று, “படம் பாக்க வந்திருக்கேன்” என்றேன். உதட்டைப் பார்த்தான். இன்னொரு தடவை சொல்லச் சொல்லவில்லை. ரிமோட்டை என் கையில் கொடுத்து, சத்தத்தை எனக்கு வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னான். அப்புறம் தன் நாற்காலியைத் தூக்கி, டி.வி.க்கு முதுகைக் காட்டி, எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான்.

“என்னய்யா இது” என்றேன்.

“படம் எனக்குத் தெரியும்” என்றான்.

மொட்டை மாடி வந்தது. பொத்தான் தெறித்தது, நான் எண்ணிப் பார்த்தேன், நாலுதான். மீன் பேசியது. அவன் உதடு அதோடு சேர்ந்து அசைந்தது. ஒரு இடத்திலும் பிசகவில்லை. அவன் பார்வை மட்டும் என் முகத்தை விட்டு நகரவில்லை. மனுஷன் முகத்தை இப்படிப் பார்த்தால் எப்படிப் படம் பார்ப்பது என்று முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் மறந்துவிட்டேன்.

கடைசிப் பத்து நிமிஷம் வந்தது. காவலாளி தன் அறையில் உட்கார்ந்து, அந்தக் கட்டடத்தில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்காரர் பெயரிலும் தனக்குத்தானே வாழ்த்து அட்டை எழுதுகிறான். வெளியே போய்த் தன் கதவுக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். உள்ளே வந்து, ‘அட, இவ்வளவா’ என்று பொறுக்குகிறான். தொட்டியிலிருந்து மீன் கேட்கிறது: “ஏன்டா, எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கு?” அவன் அட்டையிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிறான்: “எல்லாரும் ஒரே ஸ்கூல்ல படிச்சவங்க.”

எனக்கு எங்கிருந்தோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வழக்கம்போலக் கை தானாக வாய்க்குப் போயிற்று.

அவன் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தான். மூடி அடித்துக் காய்த்துப்போன விரல்களால் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“மாப்ள, கைய எடு. சிரிக்கிறது தெரியல.”