தலையணைத் தொப்பை

பிள்ளைகளே, போன கிறிஸ்மஸுக்கு ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவுக்குப் பாட்டுக் குழுவோடு ஒரு கிறிஸ்மஸ் தாத்தா வந்தார். சிவப்பு உடை, பஞ்சுத் தாடி ஒட்டிய முகமூடி. அவர் பெயரும் எனக்குத் தெரியாது, முகமும் தெரியாது.

என் மனைவி கேக்கும் அச்சுமுறுக்கும் நிறைந்த தட்டை நீட்டினாள். அவர் முகமூடியை மூக்கு வரைக்கும் தூக்கினார். நரைத்த மீசை தெரிந்தது. விரல் நுனி அளவு கேக்கைப் பிட்டு வாயில் போட்டு, மீசை அசைய அசைய வெகுநேரம் மென்றார்.

"இவ்ளோதானா அண்ணா? நல்லா இல்லையா?" என்றாள் மனைவி.

"பிரமாதமா இருக்கும்மா. ஆனா இன்னும் இருபது வீடு இருக்கே! எல்லார் வீட்டு ருசியும் எனக்கு வேணும். அதான், வீட்டுக்கு ஒரு வாய்."

என் சின்ன மகள் அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "தாத்தா, உங்க தொப்பை சதுரமா இருக்கு!"

"அது தலையணை கண்ணு. முந்தின வருஷம் நிஜத் தொப்பைதான். முட்டி வலியில ஆடவே முடியல. நாற்காலியில உக்கார வச்சுட்டாங்க. கஷ்டப்பட்டுக் குறைச்சிருக்கேன், மறுபடி ஏத்திக்குவேனா?"

டிரம் முழங்கியது. அவர் குதித்துக் குதித்து ஆடினார். பாதி ஆட்டத்தில் தலையணை நழுவித் தெருவில் விழுந்தது. பிள்ளைகள் 'ஓ'வென்று கத்தினார்கள். அவரோ அதைத் தூக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதோடு சேர்ந்து ஆடினார்.

இப்போதும் பஸ்ஸிலோ டீக்கடையிலோ நரைத்த மீசைக்காரர் யாராவது மெதுவாக மென்றால், அவராக இருக்குமோ என்று பார்க்கிறேன். அவராக இருந்தால், முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும்.