கவிழ்த்து வைத்த போன்

எஸ்தர் அக்காவின் கம்ப்யூட்டர் மேல் போர்த்திய துண்டு காலை பத்து மணியாகியும் அப்படியே கிடந்தது. கடைக்கு வந்ததும் அதை மடித்து வைப்பதுதான் அவருடைய முதல் வேலை. முதலாளி அண்ணாச்சி போனை வைத்துவிட்டு, "எஸ்தர் போயிட்டாளாம். விடியக்காலம் நெஞ்சுவலி" என்றார்.

பாளையங்கோட்டையில் எங்கள் ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்த எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியில் பேசாமல் இருக்கும் என்னையும் பார்த்திருப்பீர்கள்.

ஒருமுறை கல்லூரிக் கருத்தரங்குக்கு பேனர் அடிக்க வந்தது. தலைப்பில் 'ஜிங்கோயிசம்' என்று இருந்தது. அக்கா பேராசிரியருக்கே போன் போட்டு அர்த்தம் கேட்டார். நாட்டுப்பற்று என்ற பெயரில் சண்டைக்கு அலையும் வெறி என்றாராம். முன்னொரு காலத்தில், ரஷ்யாவோடு போர் வரும் என்றிருந்தபோது லண்டன் கேளிக்கை அரங்குகளில் ஒரு பாட்டு பரவியதாம். அதில் சத்தியம் பண்ணும் சொல் 'ஜிங்கோ'. போர் கேட்டுக் கூச்சல் போட்டவர்களுக்கு அதுவே பெயராகிவிட்டது. "கையில சாராயக் கிளாஸை வச்சிக்கிட்டுப் பாடியிருக்கானுவ, ஏட்டி" என்று அக்கா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அண்ணன் ராணுவத்தில், எல்லையில் இருக்கிறான். டிவியில் எந்நேரமும் போர்ப் பேச்சு. அவனிடமிருந்து போன் இல்லை.

அந்த வாரமே சில இளைஞர்கள் வந்தார்கள். 'போர் ஒன்றே தீர்வு' என்று பேனர். கீழே வரிசையாக அவர்கள் முகங்கள். நடுவில் வைக்க ஒரு வீரர் படம் கேட்டார்கள். அண்ணாச்சி என்னைக் கைகாட்டினார். மறுக்க வாய் வராமல் போனில் அண்ணன் படத்தைத் திறந்துவிட்டேன். சீருடை போட்ட வாலிப முகத்தை எங்கள் கடையில் பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலிக்குத்தான் அடித்திருக்கிறோம். படத்தை அனுப்பாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என் போனை வாங்கி மேசையில் கவிழ்த்தார்.

"படம் போட்ட எல்லாரும் சண்டைக்குப் போறியளா, தம்பி? போனவன் இவ அண்ணன்லா."

"ஒங்களுக்கு நாட்டுப்பற்று இல்லையாக்கா?"

"இருக்குலே. அதான் அவன் முழுசாத் திரும்பி வரணும்னு ஜெபிக்கேன்."

அன்று இரவே அண்ணன் பேசினான்.

இப்போது அக்கா இல்லை. டிவியில் மறுபடியும் அதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அண்ணன் போனை எடுக்கவில்லை. நேற்று அதே இளைஞர்கள் வந்து அந்தப் படத்தைக் கேட்டார்கள். பக்கத்தில் அக்காவின் காலி நாற்காலியைப் பார்த்தேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, 'முழுசாத் திரும்பி வரணும்' என்ற அந்த ஒரு பதில்தான். அதையும் என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை.

"தர மாட்டேண்ணே" என்றேன்.

பிறகு, மணி அடித்தால் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி, போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.