மாமா எழுத வேண்டிய பாதி

யாராவது வயதைக் கேட்டால் என் தாய்மாமா உடனே சொல்லமாட்டார். "எதுக்குக் கேக்குறீங்க?" என்பார். பேருந்தில் உட்கார இடம் வேண்டுமென்றால் எழுபது, வேலைக்கென்றால் ஐம்பது. இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

கண்டக்டராக ஓய்வு பெற்று, தபால் வழியில் ஒரு பட்டமும் வாங்கியிருந்தவர், நான் முதுமையியல் முதுகலையில் சேர்ந்த அதே வாரம் தானும் வந்து சேர்ந்தார். குடும்பத்தில் முதுகலைக்குப் போன முதல் ஆள் என்று பீற்றிக்கொள்ள எனக்கு முழுதாக ஒரு வாரம்கூடக் கிடைக்கவில்லை.

வகுப்பில் அவருக்கு 'சாம்பிள்' என்று பெயர் வைத்தார்கள். மருத்துவம் நடத்துபவர் எலும்புத் தேய்மானம் என்றதும் அவர் முழங்காலைப் பார்ப்பார். கட்டட வடிவமைப்பு நடத்துபவர் அவரைப் படிக்கட்டில் ஏறி இறங்கச் சொல்லிப் படம் பிடித்தார். உளவியல் ஆசிரியை ஒருநாள் கனிவோடு கேட்டார்: "தனிமையை எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"வீட்ல எட்டுப் பேரு, ஒரு பாத்ரூம். தனிமை எங்க கிடைக்கும்னு சொல்லுங்க மேடம், போய் வாங்கிட்டு வந்துடுறேன்."

வகுப்பே சிரித்தது. வெளியே வந்ததும் என்மேல் எரிந்து விழுந்தார். "நான் படிக்க வந்தேனா, பாடமா வந்தேனா?"

முதியோர் என்ற சொல் வரும்போதெல்லாம் நானும் அவர் பக்கம்தானே திரும்புகிறேன்?

எங்கள் துறையில் ஒரு விதி. வெவ்வேறு பிரிவைச் சேர்ந்த இருவர் சேர்ந்துதான் ஆய்வேடு எழுத வேண்டும். ஒருவர் பாதி வராவிட்டால் இருவருக்குமே பட்டம் இல்லை. பொருளாதாரம் எடுத்த என்னை, உளவியல் எடுத்த மாமாவோடு கோத்துவிட்டார்கள். ஒரே வீடு, வசதியாம்!

ஓய்வூதியம் பற்றிய என் பாதியை நான் முடித்துவிட்டேன். மாமாவோ, வயதானவர்களைப் பற்றி எழுதவே மாட்டேன் என்றார். இளசுகள் முதுமையைக் கண்டு ஏன் பயப்படுகிறார்கள் என்பதுதான் அவர் தலைப்பு. வகுப்புத் தோழர்களை ஒவ்வொருவராகப் பிடித்து உட்கார வைத்தார். "எழுவது வயசுல உனக்குச் சோறு யாரு போடுவா?" என்னையும் விடவில்லை.

"முதல்ல எழுதி முடிங்க மாமா!" என்று கத்தினேன்.

"கோவம் வருது பாரு. இதையும் சேத்துக்கிறேன்."

முதல் சில பக்கங்களைப் படித்த பேராசிரியர் பிரமாதம் என்றார். அந்த நேரம் பார்த்து, வேறு ஊரில் இருக்கும் மாமாவின் மகளுக்குப் பிரசவ விடுப்பு முடிந்தது. அத்தை இன்னும் வேலைக்குப் போகிறாள். "தாத்தா சும்மாதானே இருக்காரு" என்று வீடே தீர்ப்புச் சொன்னது. பேரனைப் பார்த்துக்கொள்ள மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வயதானவர்களை யார் பார்த்துக்கொள்வது என்று எத்தனை பாடம் நடத்தினார்கள்! அவர்கள் யாரையெல்லாம் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு வகுப்பாவது வைத்திருக்கலாம்.

பட்டத்தோடு வந்தால் வேலை தருவதாக ஒரு மருத்துவமனையில் எனக்குச் சொல்லியிருந்தார்கள். மாமாவுக்குப் போன் போட்டேன்.

"எழுதினேன்மா. இவன் கிழிச்சுட்டான்."

"கம்ப்யூட்டர்ல அடிக்கலாம்ல?"

"அதுல பொம்மை பாக்குறான்."

"என் வேலை போயிடும் மாமா!"

"கத்தாதடி, முழிச்சுக்குவான். நல்லாத் தூங்கட்டும், எழுதிடுறேன்."

துணையை மாற்றித் தரக் கேட்டேன். விதியில் இடமில்லை என்றார்கள். அந்த வேலையில் வேறு யாரோ சேர்ந்துவிட்டார்கள். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மாமாவின் பாதி இன்னும் வரவில்லை.